கண்காணிப்புக்காரியின் கறுப்புச் சட்டை

சென்ற கோடையில் ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தபோது, கால்வாய்க் கரையில் வைத்து ஷர்மினி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஹனோவரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடுப்புத் தைக்கிற அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை அண்மையில்தான் முடித்திருக்கிறாள்.

"அன்ரி, ஒரு படத்திலை நீங்கள் கோபத்திலை உடுப்புகளை எல்லாம் கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டு வெளிக்கிட்டனீங்களாம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"எங்கடை தையல்கூடத்திலை எல்லாரும் சொல்லுகினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகிறது, அதற்குள் கதை இவ்வளவு வளர்ந்துவிட்டது. நான் ஒரு நூலைக்கூட வெட்டவில்லை. வெட்டச் சொன்னார்கள், ஏலாது என்று சொன்னேன். இதைத் தேர் மேளத்துக்குள் கத்திச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பாதிதான் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து இங்கே வந்து அகதி முகாமில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. கேட்காமல் அடுத்த மாவட்டத்துக்குப் போக முடியாது. முகாமைப் பார்த்துக்கொண்ட ஆள் கதவைத் தட்ட மாட்டார். தன்னிடமுள்ள சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வருவார். நான் தலை வாரிக்கொண்டிருப்பேன், உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பேன், அது அவருக்குப் பொருட்டில்லை. அனுமதி கிடைத்த பிறகு ஒரு சலவைக் கடையில் காற்சட்டை நீளத்தை வெட்டிக் கட்டையாக்கும் வேலை. பிறகு நாடக அரங்கு ஒன்றில் சீசனுக்குச் சீசன் தையல். அங்கேதான் உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பான ஃபிராவ் (திருமதி) ரைமான் என்னைக் கண்டு, சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான, ஒல்லியான மனுசி. வாயில் எப்போதும் குண்டூசி. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும், நாங்கள் கிட்டப் போய்க் காது கொடுக்க வேண்டும். எத்தனை வருடம் பழகினாலும் "நீங்கள்" என்றுதான் கதைப்பார். தைத்த உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். உள்தையல் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வெளிப்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பித் தந்துவிடுவார்.

"கமராவுக்கு உள்பக்கம் தெரியாதே," என்று ஆரம்பத்தில் நான் ஒருமுறை சொன்னேன்.

"போடுகிறவளுக்குத் தெரியும்," என்றார்.

அவர்கள் கதைத்ததெல்லாம் ஜேர்மன் மொழியில். என் மனதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவர் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லித் தந்த ஒரு விதி உண்டு. "ஃபிராவ் தர்மா, ஆரையும் தொட முதல் கேட்க வேணும். பெரிய நடிகையா இருந்தாலும் சரி, கூட்டத்திலை நிக்க வந்த ஆளா இருந்தாலும் சரி. ஒரு பொத்தானைப் பூட்டுறதெண்டாலும் கேட்க வேணும். அவை ஓம் எண்ட பிறகுதான் எங்கடை கை போக வேணும்." வேறு இடங்களில் உடுத்திவிடுகிறவர்கள் நடிகர்களைத் திருப்பி, இழுத்து, பிள்ளைகளுக்கு உடுப்புப் போடுகிற மாதிரிச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். நடிகர்களுக்கு உடுத்திவிடுகிற எங்கள் உடுப்பு வண்டியில் அது நடக்காது.

நான் சொல்லப்போகிற படம் இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில் எடுத்தது. கதை நடப்பது அறுபதுகளில். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் "அடங்காத பிள்ளைகள்" என்று பெயர் வைத்து இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து, சலவைக்கூடத்திலும் இஸ்திரி மேசையிலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பிந்தி வந்தது, ஒரு பெடியனோடு சிரித்துக் கதைத்தது, தாய் தனியாக வாழ்ந்தது, இதில் ஏதாவது ஒன்று போதும், உள்ளே தள்ளிவிடுவார்கள். எங்கள் படத்தில் இரண்டு பெண்கள் தப்பி ஓடி, நீதிமன்றத்தில் ஏறி வாய் திறக்கிறார்கள்.

படப்பிடிப்புக்குக் கிடைத்த இடம் ஹனோவருக்கு வெளியே, உண்மையிலேயே அப்படி ஒரு விடுதியாக இருந்த கட்டடம். அந்த நாளில் விடுதியை நடத்திய நிறுவனமே இன்னும் அதன் சொந்தக்காரர். அவர்கள் கதையை வாங்கி வாசித்துவிட்டு ஒரு காட்சியை நீக்கச் சொன்னார்களாம். கீழ்த்தளத்தில் பெண்களைத் தனியே பூட்டி வைக்கிற தண்டனை அறைக் காட்சி. "எங்கள் கட்டடத்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கீழே இருப்பது நிலக்கரி அறை." இடம் போய்விடும் என்ற பயத்தில் எங்கள் இயக்குநர் அந்தக் காட்சியை விட்டுவிட்டார். நாற்பது வயதுப் பெண், நல்ல மனுசி. ஆனால் அந்த இடத்தில் அவர் வளைந்து கொடுத்தார் என்பதை அவரே பிறகு எங்களுக்குச் சொன்னார்.

சலவைப் பெண்களுக்குச் சாம்பல் நிறச் சட்டைகள். புதிதாகத் தைத்துவிட்டு, அவற்றைப் பழசாக்குவதுதான் பெரிய வேலை. திரும்பத் திரும்பக் கொதிநீரில் போடுவோம். முழங்கை படுகிற இடத்தைக் கல்லால் தேய்ப்போம். பைகளுக்குள் கூழாங்கல் போட்டு ஈரத்தோடு தொங்கவிட்டால், வருடக்கணக்காகக் கை விட்ட மாதிரிப் பை தொய்ந்துவிடும். கழுத்துப் பட்டிக்குக் கொழுப்புத் தடவித் துடைப்போம். கண்காணிப்புக்காரிகளின் உடுப்பு வேறு. கறுப்புச் சட்டை, கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது.

கூட்டத்தில் நிற்பதற்குப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வயதான பெண்களைக் கண்காணிப்புக்காரிகளாகப் பிரித்து விட்டிருந்தார்கள். அப்படி வந்தவர் ரோஸ்வித்தா. கட்டையாக வெட்டின நரைமுடி, பாண் விற்கும் பேக்கரியில் நின்று நின்று தடித்த கால்கள். கறுப்புச் சட்டையைக் கையில் கொடுத்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தான் பின்னால் இருந்தது.

"நான் தொடலாமோ?" என்று கேட்டேன்.

"என்ன கேட்டனீங்கள்?"

"கழுத்துப் பொத்தானைப் பூட்ட வேணும். தொடலாமோ எண்டு கேட்டன்."

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் இருந்துவிட்டார். "இந்த இடத்திலை என்னை ஆரும் அப்பிடிக் கேட்டதில்லை," என்றார்.

பதினைந்து வயதில் அவரைக் கொண்டுவந்து விட்டதும் இதே கட்டடத்தில்தான். பத்தொன்பது வயது வரைக்கும் இங்கே படுக்கை விரிப்புத் தோய்த்திருக்கிறார். குசினிக்காரியின் உடுப்பு ஒன்று இருக்கிறது, அதை மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் வெளியே போய் முற்றத்தில் நின்று ஒரு சிகரெட் பிடித்தார். போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தார்.

"வேண்டாம். இதையே போடுறன். இந்தச் சட்டையைப் போட்டவை எப்பிடி நடந்தவை எண்டு எனக்குத் தெரியும். வேறை ஆரும் போட்டால் பிழையாத்தான் நடப்பினம். இப்ப பூட்டுங்கோ."

அன்று எடுத்தது காலை வரிசைக் காட்சி. பெண்கள் கட்டில்களுக்கு முன்னால் நிற்க, கண்காணிப்புக்காரிகள் கதவடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரோஸ்வித்தா நிற்கவில்லை. சாவிகள் ஒன்றோடொன்று முட்டாமல் கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வரிசையின் பின்பக்கமாக நடந்து, ஒரு பெண்ணின் பிடரிக்குப் பின்னால் போய் நின்றார். அந்தப் பெண் லீனா, தப்பி ஓடுகிற இருவரில் ஒருத்தியாக நடித்தவள். பின்னால் ஆள் நிற்பது அவளுக்குத் தெரியாது. மூச்சுக் காற்றுப் பட்டதும் பதறித் திரும்பினாள். அந்தப் பதற்றத்தில் நடிப்பு இல்லை. இயக்குநர் கமராவை நிறுத்தச் சொல்லவே மறந்து நின்றார். அடுத்த நாளே ரோஸ்வித்தாவுக்குக் காட்சியைப் பெரிதாக்கி எழுதினார்.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் லீனாவும் மற்றப் பெண்களும் உடுப்பு வண்டிக்கு வரத் தொடங்கினார்கள். ரோஸ்வித்தா கதைப்பார், நாங்கள் கேட்போம். ஒருநாள் லீனா கேட்டாள்:

"இவ்வளவு நடந்த இடத்துக்கு ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

"என்னைப் பூட்டி வைச்ச கீழ் அறையைப் பாக்க. இரண்டு தரம் வந்து கேட்டனான், விடேல்லை. அது நிலக்கரி அறை, உங்களுக்கு ஞாபகம் பிசகிப் போச்சு எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சினம். என்ரை மனுசனே கடைசியிலை கேட்டார், உண்மையிலை அப்பிடி ஒரு அறை இருந்ததோ எண்டு. படத்துக்கு ஆள் எடுக்கினம் எண்ட உடனை, உள்ளை வர இதுதான் வழி எண்டு வந்திட்டன்."

இந்தக் கதை நிறுவன நிர்வாகியின் காதுக்குப் போனது. ஆள் எப்போதும் டை கட்டி, கதவைப் பிடித்து எங்களுக்கு வழிவிட்டு நடப்பவர். ஒரு பிற்பகல் தயாரிப்பு மேலாளர் ஹெர் கெல்னரை முற்றத்துக்குக் கூப்பிட்டு, அந்த அம்மாவை இனி இங்கே காணக்கூடாது, கண்டால் கட்டடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஹெர் கெல்னர் நேரே என்னிடம் வந்தார். உடுப்பு வண்டியில் நான் ஏப்ரன்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஃபிராவ் தர்மா, ஒரு சின்ன உதவி. அந்த அம்மாவின்ரை கறுப்புச் சட்டையிலை கத்தரிக்கோலாலை ஒரு வெட்டு. தவறுதலாப் பட்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. அவவின்ரை அளவிலை வேறை சட்டை இல்லை. அவவும் மனம் நோகாமல் வீட்டை போவா. உங்களை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

"நீங்கள் அவவிட்டை நேரை சொல்லலாமே."

"சொன்னால் பிரச்சினை. உடுப்புப் பழுதாப் போச்சு எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்த வண்டியில் என்னைவிட நல்ல ஜேர்மன் கதைக்கிற இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் தேநீருக்குப் போகும் வரைக்கும் காத்திருந்துதான் அவர் என்னிடம் வந்திருக்கிறார். வெளிநாட்டுக்காரி, தலையாட்டுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அது விளங்கியதும் எனக்குப் பயம் வரவில்லை, சூடுதான் ஏறியது.

"ஏலாது," என்றேன்.

"உங்களுக்கு விளங்கேல்லை போலை."

"நல்லா விளங்குது. ஏலாது."

"அடுத்த படத்துக்கு ஆள் எடுக்கிறதும் நான்தான்."

உடுப்புகள் தொங்குகிற கம்பிகளுக்குப் பின்னாலிருந்து ஃபிராவ் ரைமான் வெளியே வந்தார். அவர் அங்கே இருந்தது எனக்கும் தெரியாது. கறுப்புச் சட்டையைக் கம்பியிலிருந்து எடுத்து, உட்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிப் பார்த்தார். திரும்பவும் மாட்டினார். வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, கெல்னர் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகச் சொன்னார்:

"என்ரை பகுதியிலை பழுதான உடுப்பு ஒண்டும் இல்லை. அந்த அம்மா வரக்கூடாது எண்டால், காலமை வாசலிலை நிண்டு நீங்களே அவவுக்குச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"உமக்கென்ன விசரோ? அது அதுகளின்ரை நாட்டுப் பிரச்சினை. இந்த வேலை போனால் திரும்பச் சலவைக் கடைதான்."

"சலவைக் கடைக்குப் போறன். அகதிக் காம்பிலை அந்த ஆள் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வரேக்கை, எங்களுக்காக ஆராவது ஒரு சொல்லுச் சொல்லமாட்டினமோ எண்டுதானே இருந்தனாங்கள். ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் கை கழுவிவிட்டு வந்து, "காலமை நான் காரிலை கொண்டுவந்து விடுறன். ரெயினுக்குப் போய் நிக்க வேண்டாம்," என்றார்.

மறுநாள் ஹெர் கெல்னர் உண்மையாகவே வாசலில் நின்றார். ரோஸ்வித்தா பஸ்ஸால் இறங்கி வந்ததும் வழி மறித்து ஏதோ சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு ரோஸ்வித்தா சொன்னது வண்டிப் படியில் நின்ற எனக்கும் கேட்டது.

"இந்த வாசலுக்குள்ளை என்னை ஒருக்கா இழுத்துக்கொண்டு போனவை. இண்டைக்கு நானா நடந்து போறன். தடுக்கிறதெண்டால் கையிலை பிடிச்சு இழுத்து வெளியிலை விடுங்கோ."

கெல்னர் கை வைக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல, படம் நின்றுபோகும் என்று பயந்தவர். ரோஸ்வித்தா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். வண்டியடியில் லீனாவும் மற்றப் பெண்களும் குளிர்க்கோட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். இயக்குநரும் ஓடி வந்தார். லீனா அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "முதல் அவவுக்கு உடுத்தட்டும். அதுக்குப் பிறகுதான் நாங்கள்."

இயக்குநர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "உடுத்துங்கோ, ஃபிராவ் தர்மா," என்றார். நான் ரோஸ்வித்தாவிடம் கேட்டேன், அவர் ஓம் என்றார், பூட்டினேன்.

முதல் காட்சிக்கு விளக்குகளை ஏற்றும்போதே நிர்வாகி வந்துவிட்டார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ரோஸ்வித்தா கறுப்புச் சட்டையோடும் வெள்ளை ஏப்ரனோடும் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்கள் என்னை அனுப்பலாம். அதுக்கு முதல் கீழ் அறையைத் திறந்து காட்டுங்கோ. நிலக்கரி அறை எண்டால், இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை நான் பொய்க்காரி எண்டு ஒத்துக்கொண்டு போறன்."

"அந்த அறைச் சாவி தொலைந்து எவ்வளவோ காலம், அம்மா," என்றார் நிர்வாகி மரியாதையாக.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். எங்களோடு ஒருநாளும் கதைத்துச் சிரிக்காத மனிதர். நிலத்தைப் பார்த்தபடி, "சாவி இருக்குது," என்றார். நிர்வாகி திரும்பிப் பார்த்தார். ஹவுஸ்மைஸ்டர் தலை நிமிரவில்லை, ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

அறைக்குள் மடக்குக் கதிரைகள் அடுக்கியிருந்தன. சுவர் முழுக்க வெள்ளை. ரோஸ்வித்தா மூலைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அங்கே அவர் நகத்தால் கீறி எழுதியது ஒன்று இருந்ததாம். பூச்சுக்கு மேல் பூச்சுப் பூசி எல்லாம் மூடியிருந்தது. அவருடைய தோள் இறங்குவதை நான் பார்த்தேன்.

"பார்த்தீர்கள்தானே, சாமான் அறை," என்றார் நிர்வாகி.

அப்போதுதான் ஃபிராவ் ரைமான், எங்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றவர், திறந்து கிடந்த கதவை மெல்லத் தன் பக்கம் இழுத்து அதன் உட்பக்கத்தைப் பார்த்தார். தடித்த மரக் கதவு. உட்பக்கம் முழுவதும் இரும்புத் தகடு அடித்திருந்தது. கைப்பிடி இல்லை. ஒரு காலத்தில் இருந்து கழன்றதற்கான ஓட்டைகூட இல்லை. கண் உயரத்தில் சின்னச் சதுரத் துவாரம், அதற்கு மூடி வெளிப்பக்கத்தில்.

"நிலக்கரியை ஏன் எட்டிப் பாக்க வேணும்?" என்று கேட்டார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. படிக்கட்டில் நின்றவர்கள் வரைக்கும் அது கேட்டது. ரோஸ்வித்தா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. "நான் விசரி இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரத்து, "நான் விசரி இல்லை," என்றார். லீனா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஹவுஸ்மைஸ்டர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு நின்றார்.

நிர்வாகி சொன்னதைச் செய்தார். மத்தியானத்துக்குள் நாங்கள் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மிச்சப் படத்தைக் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலையில் எடுத்தோம். பழைய கட்டில்களைத் தேடி எடுத்து, சுவர்களுக்கு நிறம் பூசி, எல்லோரும் இரட்டிப்பு வேலை செய்தோம். இயக்குநர் தண்டனை அறைக் காட்சியைத் திரும்பவும் சேர்த்தார். தச்சர்கள் அந்தக் கதவை நினைவிலிருந்தே செய்தார்கள், உட்பக்கம் தகடு அடித்து. ரோஸ்வித்தா வந்து பார்த்துவிட்டு, துவாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார்.

அடுத்த படத்துக்கு ஹெர் கெல்னர் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் சலவைக் கடையில் காற்சட்டைகளைக் கட்டையாக்கினேன். என் கணவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. வசந்தத்தில் ஃபிராவ் ரைமான் வேறு ஒரு நிறுவனத்துக்கு வேலை எடுத்து, தொலைபேசியில், "எனக்கு ஃபிராவ் தர்மா வேணும், இல்லாட்டி நானும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். திங்கட்கிழமை வாங்கோ," என்றார். ஓய்வு பெறும் வரை அவரோடுதான் வேலை செய்தேன்.

படம் ஓடத் தொடங்கியதும் ரோஸ்வித்தாவைப் போல வேறு பெண்களும் வெளியே வந்தார்கள். விடுதி இருந்த அந்தச் சிறிய ஊர்ப் படமாளிகையில், படம் முடிந்து விளக்கு எரிந்ததும், பின்வரிசையில் ஒரு பெண் எழும்பி, "நானும் அங்கை இருந்தனான்," என்றார். இன்னொருவர் எழும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த மகளுக்கே அது அன்றுதான் தெரியும் என்பதை அந்த மகளின் முகம் சொன்னது. அதன் பிறகு நிறுவனத்தால் நிலக்கரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

கடைசியில் அவர்களே ரோஸ்வித்தாவைக் கூப்பிட்டார்கள். தனியாகப் போகமாட்டேன் என்று அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதே நிர்வாகிதான். கை கொடுத்தார். நடந்தது பிழை என்று சொன்னார். அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. வாசலில் நினைவுக்கல் பதிக்க யோசித்திருப்பதாகவும், அதில் என்ன எழுதலாம் என்று ரோஸ்வித்தா சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்.

"கல்லைப் பிறகு பாப்பம்," என்றார் ரோஸ்வித்தா. "முதல் அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி போடுங்கோ."

கூட இருந்த ஒருவர் தயங்கினார். கதவை அப்படியே வைத்திருப்பதுதானே நல்லது, நாளைக்குச் சாட்சியாக இருக்கும் என்றார்.

"சாட்சிக்கு நான் இருக்கிறன். நீங்கள் கைப்பிடியைப் போடுங்கோ."

போட்டார்கள். பொருத்திய பிறகு திரும்பவும் எங்களைக் கூப்பிட்டார்கள். ஹவுஸ்மைஸ்டர்தான் பொருத்தியிருந்தார், சாதாரண பித்தளைக் கைப்பிடி. கதிரைகளை எடுத்து அறையை வெறுமையாக்கி வைத்திருந்தார். ரோஸ்வித்தா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார்.

"கதவைச் சாத்துங்கோ," என்றார்.

ஹவுஸ்மைஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சாத்தினார். நிர்வாகியும் நாங்களும் அந்தக் குறுகிய நடையில் நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஹவுஸ்மைஸ்டர் ஒருமுறை கதவடிக்குப் போய்ப் பிறகு பின்வாங்கினார். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. ரோஸ்வித்தா வெளியே வந்து, என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டினார்.

"உள்ளை சரியான குளிர்," என்றார். "வாங்கோ, எங்கையாவது போய் ஒரு கோப்பி குடிப்பம்."